ஓவனில் வெந்த இன்ஜின் மூடி

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார்தான். போன மாதம், பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். கேட்ட சிரிப்பில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு வந்துவிட்டேன்.

அவள் வீட்டுக்காரர் ஷெட்டில் அந்தக் காலத்துக் கார் ஒன்று வைத்திருக்கிறார். ஓடாது. ஆனால் ஓடுகிற கார்களுக்கு இல்லாத மரியாதை அதற்கு உண்டு. அதன் இன்ஜினுக்கு மேலே இருக்கும் முழ நீள மூடியைக் கழற்றி, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்பு பெயிண்ட் அடித்தார்.

"அடிச்சாச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்டேன்.

"வேக வைக்கணுமாம் அண்ணி."

"பெயிண்டையா?"

"இன்ஜின் கொதிக்குமே! முதல்லயே சூட்டுல வச்சு இறுக்கினாத்தான் உரியாதாம்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரும்புக்கும் பக்குவம் உண்டென்று யார் கண்டது?

முன்பு ஒருமுறை அவர் நட்டு போல்ட்டுகளை அவளுடைய ஓவனில் வைத்து, ஒரு வாரம் ரொட்டியெல்லாம் பெயிண்ட் தின்னர் வாசனை. "இன்னொரு தடவை என் ஓவன்ல உங்க சாமானைப் பார்த்தேன், கார் பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால் மூடிக்குப் பெயிண்ட் அடித்த அன்று அவள் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பும்வரை காத்திருந்து மூடியை உள்ளே வைத்தார். வெந்ததும் எடுத்து ஒளித்தார். ஜன்னலெல்லாம் திறந்தார். விரலைச் சுட்டுக்கொண்டு ஓவனைத் துடைத்தார். வாசனை போவேனா என்றது. வாசனையை வாசனையால் விரட்டுவோம் என்று, பிறந்ததிலிருந்து வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷர் ஒரு கேக் செய்தார்!

அவள் வந்தாள்.

"என்னங்க இது?"

"உனக்காகத்தாம்மா. எப்பவும் நீயே சமைக்கிறே, பாவம்."

"ஓவன் பளபளன்னு இருக்கு?"

"அதுவும் உனக்காகத்தான்."

"ஜன்னலெல்லாம்?"

"காத்து... உனக்காக."

அவர் தட்டு எடுக்கப் போன நேரத்தில் இவள் ஷெட்டை எட்டிப் பார்த்தாள். அவளுடைய நல்ல துண்டைச் சுற்றிக்கொண்டு, குளிப்பாட்டிய குழந்தை மாதிரி மூடி படுத்திருந்தது. தொட்டாள். இன்னும் சூடு.

சத்தமில்லாமல் திரும்பி வந்து கேக்கை ஒரு வாய் வைத்தாள். "அடேயப்பா! இந்தக் கைப்பக்குவத்தை இத்தனை வருஷமா எங்கேங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? இனி ஞாயித்துக்கிழமை கேக் நீங்கதான். அதுக்கு முன்னாடி ஓவனையும் இதே மாதிரி துடைச்சுடுங்க."

மறுத்தால், அன்றைக்கு மட்டும் ஏன் செய்தீர்கள் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் கார் போய்விடும். ஞாயிறுதோறும் துடைக்கிறார், மாவு கலக்குகிறார்.

"பாவம்மா, தெரியும்னு சொல்லிடேன்" என்றேன்.

"சொல்லிட்டா கேக்குக்கு நான் எங்கே போவேன் அண்ணி? இப்பத்தான் முட்டை அடிக்கவே பழகியிருக்கார்."

அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனீர்களானால், கேக் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வேறொன்றும் பேச வேண்டாம்.