பெரிய மாமாவுக்கு ஒரு நெத்திக்காசு

போன வாரம் எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு காசு கொண்டு வரணும்.

நோட்டு இல்லீங்க. பத்து காசோ அம்பது காசோ, வட்டமா ஒரு சில்லறை இருந்தா போதும்.

பாசிர் கூடாங்ல எங்க பெரிய மாமா, அம்மாவோட அண்ணன், தூக்கத்துலயே தவறிட்டாரு. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விபூதி பூசி எல்லாம் ஆச்சு. சடங்கு செய்ய வந்த பண்டாரம் கையை நீட்டினாரு.

"நெத்தியில வைக்க ஒரு காசு குடுங்க."

மாமா மகன் ரவி பாக்கெட்டைத் தட்டினான். போன். கூடத்துல இருந்த ஆம்பளைங்க எல்லாரும் தட்டினாங்க. போன், போன், கார் சாவி, போன். பொம்பளைங்க கைப்பையைக் கவுத்தாங்க. லிப்ஸ்டிக் விழுந்துச்சு, காசு விழல.

"பண்டாரம், உங்ககிட்ட ஒண்ணு இருக்குமே?"

"எனக்கே தட்சணை இப்ப போன்லதான் வருது, தம்பி."

பெரிய அத்தை அழுகையை நிறுத்திட்டு நிமிர்ந்தாங்க. "காசு வைக்காம அவர அனுப்ப மாட்டேன்!"

அலமாக்! மின்சுடலைக்கு நேரம் சொல்லியாச்சு. வண்டி வாசல்ல நிக்குது.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. இந்தக் குடும்பத்துல அத்தனை பேர் போன்லயும் இ-வாலட் போட்டுக் குடுத்த மகான் நான்தான். "சில்லறை எல்லாம் கிருமி லா, தொடாதீங்க"ன்னு கல்யாண வீடு கல்யாண வீடா பிரசங்கம் பண்ணவன்.

"நீதானே ஆரம்பிச்ச? நீயே போய் கொண்டு வா!"ன்னான் ரவி.

முக்குக் கடைக்கு ஓடினேன். மிட்டாய் வாங்கினா மிச்சம் தருவாங்க இல்ல? வாங்கினேன். போனை நீட்டி ஸ்கேன் பண்ணேன். அப்புறம் மிச்சத்துக்குக் கையை நீட்டிக்கிட்டு நின்னேன்!

கடைக்கார மலாய் அக்கா காலியா கிடந்த கல்லாவைக் காட்டி என்னைப் பாவமா பார்த்தாங்க. ஸ்கேன் பண்ணவனுக்கு ஏதுங்க மிச்சம்?

ஏடிஎம்ல எடுத்து மாத்தலாம்னா, கார்டு செனாய்ல என் வீட்டுல கிடக்கு. அதைத் தூக்கிட்டுத் திரியறவங்களையும் நான் கிண்டல் பண்ணி இருக்கேன்.

அப்பதான் மூளை வேலை செஞ்சுது. சூப்பர்மார்க்கெட் டிராலி! காசு போட்டாத்தான் டிராலி வரும், திருப்பி மாட்டினா காசு வெளிய வரும். கார் நிறுத்துற இடத்துல ஒரு டிராலி அனாதையா நின்னுச்சு. ஈர வேட்டியோட, நெத்தி நிறைய விபூதியோட, அதைத் தள்ளிக்கிட்டு ஓடினேன்.

"ஹலோ! அண்ணே! அது என் டிராலி!"

திரும்பிப் பார்த்தா ஒரு தங்கச்சி, கையில அரிசி மூட்டையோட துரத்துறாங்க. சாமானை இறக்கிக்கிட்டு இருந்திருக்காங்க. நான் கவனிக்கல.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவங்க மூஞ்சி மாறிடுச்சு. "ஐயோ, எடுத்துக்கோங்க அண்ணே"ன்னு அவங்களே டிராலியை வரிசையில மாட்டி விட்டாங்க.

டக்குனு வெளிய வந்துச்சு. மஞ்சக் கலர்ல. பிளாஸ்டிக் டோக்கன்!

"சில்லறை யார்கிட்ட இருக்கு, அண்ணே? இப்ப எல்லாரும் இதுதான் போடறோம்."

வேற வழியில்ல. அதையே வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து, பண்டாரம் கையில மெதுவா வச்சேன். "வட்டமாத்தான் இருக்கு…"

பண்டாரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "ஏன் தம்பி, உங்க மாமாவை அங்க போய் டிராலி தள்ளச் சொல்றீங்களா?"

எழவு வீட்டுல யாரும் சிரிக்கக் கூடாது. ரவி சிரிச்சிட்டான்.

அத்தை எந்திரிச்சு ரூமுக்குள்ள போனாங்க. ஆணியில தொங்கின மாமா சட்டையோட வந்து, பாக்கெட்டுக்குள்ள கையை விட்டாங்க. சலசலன்னு சத்தம்.

"கடைசியா கடையில தே தாரேக் டீ குடிச்சிட்டு வந்த மிச்சம். எனக்கு இருந்த படபடப்புல தோணவே இல்ல. நீ போன்ல போட்டுக் குடுத்தியே இ-வாலட், அதை அவரு தொட்டுக்கூடப் பாக்கலடா."

அப்புறம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. வண்டியும் நேரத்துக்குக் கிளம்பிடுச்சு.

எனக்குத்தான் தாங்கல. அத்தனை பேர் கூடி இருந்தும் மாமாவுக்கு ஒரு காசு வைக்க எங்களுக்கு வக்கில்ல. தன் நெத்திக்காசையும் அந்த மனுஷன் தானே போட்டுக்கிட்டுப் போனாரு. வண்டியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

இப்ப என் பர்ஸ்ல ஒரே ஒரு அம்பது காசு இருக்கு. யாரும் கேக்காதீங்க, அது என் நெத்திக்கு.