கோல் விழுந்தபோது நான் எங்கே இருந்தேன்

ஃபைனல் அன்று நாலு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ஆட்டம் முடியும்வரை எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம் செய்தேன். கூரை இடிந்தாலும் சரி, வீட்டில் தீப்பிடித்தாலும் சரி, மனைவி கூப்பிட்டாலும் சரி. மூன்றில் எது கஷ்டம் என்று கல்யாணமானவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என் அணியை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் மைதானம். அதனால் எல்லோருக்கும் அது செங்கல் அணி. கோல்கீப்பர் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். கேப்டன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மேட்ச் அன்று பஸ் ரிப்பேரானால் பத்துப் பேரோடுதான் ஆட்டம். இருபத்திரண்டு வருஷமாக நான் அவர்களுக்கு ரசிகன். இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் கோப்பையின் முதல் சுற்றிலேயே தோற்று, வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

"பேருதான் செங்கல். பந்தைத் தடுக்க ஒரு சுவரு கட்டத் தெரியல" என்பாள் என் மனைவி. அவள் கணக்கு டீச்சர். வீட்டிலும் விடை அவளுடையது. படிகளை மட்டும் நான் போட்டுக் காட்ட வேண்டும்.

இந்த வருஷம் முதல் சுற்றில் ஒரு பெரிய அணியோடு மோதினார்கள். அந்த அணியின் பஸ் எங்கள் மைதானத்தைவிட நீளம். எழுபதாவது நிமிஷம், பூஜ்யத்துக்கு ஒன்று என்று பின்தங்கி இருந்தோம். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இந்தக் குக்கரை மட்டும் கொஞ்சம் தேச்சுக் குடுங்க."

தோற்கிற மேட்ச்தானே என்று எழுந்து போனேன். பாத்திரம் தேய்க்கிற நாரைக் கையில் எடுத்தேன். ஹாலில் டிவி அலறியது. ஓடி வந்தால், செங்கல் அணி கோல் போட்டுவிட்டது. நான் பார்த்தது மறுபடி போட்டுக் காட்டியதைத்தான். பத்து நிமிஷம் கழித்து, "ஏங்க, இந்த வாணலி." போனேன். இரண்டாவது கோல். ஜெயித்தோம்.

கண்ணாடிக் கடையில் பதினேழு வருஷமாகக் கண் பரிசோதனை செய்கிறவன் நான். 'கீழ் வரியைப் படிங்க' என்று கேட்டுச் சரிபார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். எனவே அடுத்த சுற்றுகளில் ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டே வந்தேன். செமிஃபைனல் முடியும்போது நாங்கள் போட்ட கோல் பதினொன்று. பதினொன்றும் நான் சிங்க் பக்கத்தில் நின்றபோது. வாங்கிய கோல் ஆறு. ஆறும் நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பேப்பரை மனைவியிடம் காட்டினேன்.

"நான் பாத்திரம் தேச்சாத்தான் கோல் விழுது. கவனிச்சியா?"

"அப்படியாங்க? எனக்கு இந்த ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும்."

"பதினொண்ணுக்குப் பதினொண்ணு. நீயே எண்ணிப் பாரு."

அவள் எண்ணிப் பார்த்தாள். ஒரு சிவப்பு மையால் 'சரி' போடாத குறை.

"உங்க கையில அப்படி ஒரு ராசி இருந்தா அதை வீணாக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் ரொம்ப நாளா அழுக்கா இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு உள்ளுக்குள் அழுகையே வந்தது. இருபத்திரண்டு வருஷம் தோல்வியை எல்லாம் கண்ணால் பார்த்தவன், வெற்றியில் ஒரு கோலைக்கூட விழும் நொடியில் பார்க்கவில்லை. இனி இவர்கள் ஃபைனலுக்கு வர இன்னொரு இருபத்திரண்டு வருஷம் ஆகும். அப்போது என் கண்ணுக்கே எந்தக் கண்ணாடியும் போதாது.

அதனால்தான் தீர்மானம். தீர்மானத்தோடு ஒரு திட்டமும் போட்டேன். பாத்திரம் தேய்த்தால்தானே கோல்? ஆட்டத்துக்கு முன்னாலேயே தேய்த்து வைத்துவிட்டால் அந்த ராசி ஆட்டம் முடியும்வரை தாங்காதா? ஃபைனல் அன்று மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்தேன். வீட்டில் உள்ள ஒவ்வொரு தட்டு, தம்ளர், கரண்டி, வடிகட்டி. அலமாரியில் சும்மா இருந்த சாப்பாட்டு கேரியரைக்கூட விடவில்லை. மூன்றே முக்காலுக்கு சமையலறை பாத்திரக்கடை மாதிரி பளபளத்தது.

"இன்னிக்கு என்னைக் கூப்பிட உனக்கு ஒரு ஸ்பூன்கூட மிச்சமில்ல" என்றேன்.

"நான் ஏங்க கூப்பிடப் போறேன்? நிம்மதியா பாருங்க" என்றாள்.

பார்த்தேன். நிம்மதியாக இல்லை. இருபதாவது நிமிஷத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. பாதி ஆட்டம் போனது. அறுபது போனது. எழுபது போனது. ரொட்டிக்காரர் மட்டும் தாவித் தாவிப் பிடித்துக்கொண்டிருந்தார். முன்கூட்டியே தேய்த்த ராசி ஊசிப்போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. தீர்மானத்தைத் தூக்கி எறிந்துவிட்டு சமையலறைக்கு ஓடினேன்.

"ஏதாவது குடு."

"எதைக் குடுக்கறது?"

"தேய்க்க ஏதாவது குடும்மா. எண்பது நிமிஷம் ஆச்சு."

"எல்லாத்தையும் நீங்களே தேச்சு வெச்சுட்டீங்களே. அழுக்குக்கு நான் எங்க போவேன்?"

"அழுக்கு பண்ணிக் குடேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மேலே பார்த்தாள். "பரண்ல அந்தப் பெரிய அண்டா இருக்கு. எட்டு வருஷமா கரி பிடிச்சுக் கெடக்கு. உங்களைப் போய் அதைத் தேய்க்கச் சொல்ல மனசு வராம விட்டுட்டேன்."

ஏணியில் ஏறினேன். அண்டாவை இறக்கினேன். அது சிங்க்குக்குள் அடங்கவில்லை. ஜன்னல் ஓரமாகத் தரையில் வைத்து, குனிந்து தேய்த்தேன். அவள் ஹாலுக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கை வலித்தது. தேய்ப்பதை நிறுத்தி மூச்சு வாங்கினேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டில் ஒரு சத்தம். அங்கே இருப்பவர் சலூன் வைத்திருப்பவர். அவரும் செங்கல் ரசிகர்தான், ஆனால் மேட்சை ரேடியோவில் கேட்கிற ஆள். "கோல், கோல்" என்று கத்தினார். நான் ஹாலைப் பார்த்துக் காதைத் தீட்டினேன். அங்கே டிவியில் ஒருவர் சாவதானமாகக் காயத்துக்குக் கட்டுப்போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முப்பது நொடி கழித்துத்தான் டிவி அலறியது. ஒன்றுக்கு ஒன்று.

ரேடியோ முன்னால் வருகிறது. டிவி பின்னால் வருகிறது. சமையலறை ஜன்னலில் ரேடியோ கேட்கிறது. ஹாலில் கேட்பதில்லை. பதினொரு கோலும் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு "ஏங்க."

நாரோடு ஹாலுக்குப் போனேன்.

"சலூன்காரர் கத்தினதும்தான் என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

கொஞ்சமாவது மறுப்பாள் என்று நினைத்தேன்.

"இது ஏமாத்து வேலையில்லையா?"

"பாத்திரம் தேச்சா கோல் விழும்னு நான் சொன்னேனா? நீங்கதான் பேப்பர் போட்டுக் காமிச்சீங்க. கணக்கு சரியா இருந்துச்சு. சரின்னேன்."

"நகரு. இனி நான் இங்கிருந்து அசையறதா இல்ல."

"உக்காருங்க. யாரு வேண்டாங்கறா."

எழுந்து இடம் கொடுத்தாள். கூடுதல் நேரம் ஆரம்பித்தது. நான் பகுத்தறிவோடு உட்கார்ந்தேன். இரண்டாவது நிமிஷம் எதிரணியின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தற்செயல். ஒன்பதாவது நிமிஷம் மறுபடி கம்பம். அதுவும் தற்செயல்தான், ஆனால் எனக்கு வேர்த்தது. கடைசி நிமிஷம் எங்கள் கேப்டனைக் காலை வாரிவிட்டார்கள். ரெஃப்ரி விசில் ஊதினார். எங்களுக்குப் பெனால்டி.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

"அண்டா பாதியிலயே நிக்குது" என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் பந்துக்குத் தெரியுமா? எழுந்து போனேன்.

அண்டாவின் அடிப்பக்கத்தை இரண்டு தேய்ப்புத் தேய்த்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே சலூன்காரர் அழுதுகொண்டே கத்தினார். "கோல். ஜெயிச்சுட்டோம்யா, கோப்பை நம்மளுது." என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. டிவிக்கு இன்னும் முப்பது நொடி இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, விழப்போகிற கோலை விழும்போதே பார்க்கலாம்.

ஓடினேன். ஹால் வாசலுக்கு வந்துவிட்டேன். டிவியில் எங்கள் கேப்டன் அப்போதுதான் பந்தைப் புள்ளியில் வைத்து, பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"ஜெயிச்சாச்சு. ரேடியோவுல சொல்லிட்டாங்க" என்றேன்.

"ரேடியோவுல ஜெயிச்சாச்சு. டிவியில இன்னும் உதைக்கலையே. போங்க, போங்க."

எதற்கு வம்பு என்று திரும்பிப் போனேன். அண்டாவை முடித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதன் மூடியையும் தேய்த்து வைத்தேன்.