டேஷ்போர்டு சித்தர்

மணிமங்கலம் ரோட்டில் காலை ஏழு மணிக்கே நாற்பது கார்கள் வரிசையில் நின்றன. கல்யாணம் இல்லை. மாநாடு இல்லை. அந்த நாற்பது கார்களிலும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏதோ ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அதை அணைக்க வேண்டியவர் தகரக் கொட்டகைக்குள் பூஜையில் இருந்தார்.

கொட்டகை வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். "ஸ்ரீலஸ்ரீ தீபசாந்தி சித்தர். பெட்ரோல், டீசல், கேஸ் வண்டிகளுக்குத் தோஷ நிவர்த்தி செய்யப்படும். எலக்ட்ரிக் வண்டிகள் செவ்வாய்க்கிழமை மட்டும்." செவ்வாய்க்கும் கரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடாது. கேட்டவர்களுக்கு வரிசையில் இடம் கிடையாது.

வரிசையில் நின்றவர்கள் படிக்காத பாமரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் ஒரகடத்து பிளாண்டுகளில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவர் கியர்பாக்ஸ் பூட்டுகிறவர். ஒருவர் எஞ்சினை இறக்கி உட்கார வைக்கிறவர். வாரம் ஆறு நாள் உலகத்துக்கே கார் செய்து அனுப்பிவிட்டு, ஏழாம் நாள் தன் காரைக் கொண்டுவந்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றார்கள்.

சித்தரின் சாஸ்திரம் விரிவானது. மஞ்சளாக எஞ்சின் படம் எரிந்தால் அது எஞ்சின் இல்லை, ஆமை. ஆமை தோஷம், ஐந்நூற்றொன்று. டயர் காற்று விளக்கு எரிந்தால் காட்டேரி நாக்கு. ஏர்பேக் விளக்கில் ஒரு ஆள் மடியில் உருண்டையாக எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் அல்லவா? அது வாரிசு யோகம், அணைக்கவே கூடாது. கல்யாணமாகி எட்டு வருஷமான ஒரு தம்பதி, அந்த விளக்கு எரிவதற்காகவே ஏர்பேக் கோளாறான பழைய கார் ஒன்றைத் தேடி வாங்கினார்கள்.

ஆயில் விளக்கு இன்னும் விசேஷம். அது பார்க்கக் குத்துவிளக்கு மாதிரி இருக்கும். "அம்பாள் தானா வந்து ஏத்தின விளக்கு. எரியட்டும்" என்றார் சித்தர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நடேசன் எரியவிட்டார். வண்டலூர் தாண்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு வந்து கேட்டதற்கு, "அம்பாள் எஞ்சினை ஏத்துக்கிட்டா. எத்தினி பேருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?" என்றார். நடேசன் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். இப்போது பஸ்ஸில் வருகிறார்.

இந்த வரிசையில் பதினேழாவதாக நின்றவர் கோதண்டராமன். சேரப்பணஞ்சேரிக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிளாண்டில் அவர் வேலை, காருக்கு மீட்டர் போர்டு மாட்டுவது. நம் கதையில் வரும் அத்தனை ஆமைகளையும் காட்டேரிகளையும் காருக்குள் குடிவைக்கிறவரே அவர்தான். மாட்டி முடித்துச் சாவியைத் திருப்புவார். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். அணைய வேண்டியதில் ஒன்று அணையாமல் நின்றால், தலைக்கு மேலே தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுப்பார். மணி அடிக்கும். லைன் முழுக்க நிற்கும். "எந்த ஸ்டேஷன்? இன்னா டிஃபெக்ட்?" என்று கேட்டுக்கொண்டு சூப்பர்வைசர் ஓடி வருவார். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு நாளும் அந்தச் சூப்பர்வைசர் எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்ததில்லை.

ஆனால் அது கம்பெனி வண்டி. இது சொந்த வண்டி. சொந்தம் என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு மூளை லீவு போட்டுவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை படப்பை பஜாரில் அவர் காரில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. வட்டம், உள்ளே நெட்டுக்குத்தாக ஒரு கோடு, கீழே ஒரு பொட்டு. பிரேக் விளக்கு. வேறு நாளாக இருந்தால் சும்மா விட்டிருப்பார். ஆனால் வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு அவர் ஏலகிரி மலை ஏற வேண்டும். மகள் பூஜா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வளைகாப்பு முடித்து, ஏழு மாதக் கர்ப்பிணியைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். ஏறும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போதும் அதே பதினாலு, ஆனால் மகளோடு.

"ஒர்க்‌ஷாப்ல வுட்டுட்டு வாயேன்யா" என்றாள் மனைவி மரகதம்.

"ரெண்டு நாள் ஆகுமாம். சாமியாண்ட பத்து நிமிசம்."

"பத்து நிமிசத்துல இன்னா பண்ணுவாரு?"

"அணைச்சுடுவாரு."

"அடுப்ப அணைச்சா சோறு வெந்துடுமா?" என்றாள் மரகதம். கோதண்டராமனுக்கு அது புரியவில்லை. பெண்களுக்கு ஆன்மிகம் போதாது என்று நினைத்துக்கொண்டு வந்த முதல் ஞாயிறே சித்தரிடம் கிளம்பிவிட்டார்.

சித்தர் வந்தார். காவி வேட்டி. கழுத்தில் உருத்திராட்சம், கூடவே பழைய ஸ்பார்க் பிளக்குகளைக் கோத்து ஒரு மாலை. விளக்கைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"முனியோட கண்ணு. செவந்து போயிருக்கு பாரு."

பானெட்டைத் திறக்கச் சொன்னார். எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தால் முனி பார்த்தவர் மேல் ஏறிவிடுமாம். நாற்பது பேர் இறுக்கி மூடினார்கள். மந்திரம், மணி, தண்ணீர் தெளிக்கும் சத்தம். நடுவில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"கண்ணத் தொற."

விளக்கு இல்லை. கோதண்டராமனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சித்தர் பானெட்டை மூடி, குறுக்கே ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டி, நடுவில் எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டார்.

"நாப்பத்தெட்டு நாளைக்கு இதைத் திறக்கக்கூடாது. திறந்தா முனி ஏழு பங்காளியோட வரும்."

கோதண்டராமன் வீடு வரை பாட்டுப் பாடிக்கொண்டே போனார். அடுத்தடுத்த நாட்களில் இன்னொரு அற்புதமும் நடந்தது. பிரேக் மிதி முன்பெல்லாம் விறைப்பாக நிற்கும். இப்போது பஞ்சு மாதிரி உள்ளே போனது. நாளுக்கு நாள் இன்னும் ஆழமாகப் போனது. வண்டிக்குப் பணிவு வந்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார்.

புதன்கிழமை கம்பெனி பஸ்ஸில் இதை எல்லாம் இசக்கிசெல்வியிடம் சொன்னார். இசக்கிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். லைன் முடிவில் பிரேக் சோதிக்கும் இடத்தில் வேலை. பேரில் ஒரு சாமியையே வைத்திருந்தும் சாமியார்களிடம் அவளுக்கு மரியாதை கம்மி.

"மிதி பஞ்சு மாதிரி போவுதா? அண்ணாச்சி, நம்ம ஸ்டேஷன்ல அப்படி ஒரு வண்டி வந்தா நான் என்ன செய்வேன்?"

"ரிஜெக்ட் பண்ணுவ."

"அப்ப ஒங்க வண்டிய?"

"அது கம்பெனி வண்டிமா. இதுல சாமி கட்டு போட்டுகீறாரு."

"பானெட்டத் திறங்க, ஒரே ஒரு தடவ பாக்கேன்."

"ஏழு பங்காளி வருவான். அவனுங்களுக்கு யாரு சோறு போடறது?"

இசக்கிசெல்வி பேச்சை மாற்றினாள். "மலைக்கு எப்ப போறிய?"

"ஞாயித்துக்கெழம. அதுக்கு முன்ன சனிக்கெழம சாமியாண்ட ஒரு ஆசீர்வாதம்."

"நானும் வாரேன். மணிமங்கலம் வர இருவதுல ஓட்டணும். அதுக்கு மேல போனா எனக்குக் கொமட்டும்."

கோதண்டராமனுக்குச் சந்தோஷம். இன்னொரு ஆத்மா கரையேறப் போகிறது.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கூடிய நாற்பது கார் வரிசையில் அவர்கள் எட்டாவது. பக்கத்து சீட்டில் இசக்கிசெல்வி. கோதண்டராமன் கண்ணாடி வழியாகக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது, அவள் நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கை ஒரே ஒரு பல் மேலே இழுத்தாள். பார்த்தால் தெரியாது. கோதண்டராமன் கவனிக்கவில்லை. நாம் கவனித்துவிட்டோம், வாயைத் திறக்காமல் இருப்போம்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஐயோ, முனி" என்றார் கோதண்டராமன். "கயித்த அவுக்கவே இல்லியே."

"நல்லவேள, சாமி பக்கத்துலதான இருக்காரு" என்றாள் அவள்.

சித்தர் வந்தார். விளக்கைப் பார்த்தார். இந்த முறை உண்மையாகவே இரண்டடி பின்வாங்கினார். 'போன வாரம்தானே பிடுங்கினோம்' என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அது என்ன என்று நமக்குப் பிறகு தெரியும்.

"கண்ண மூடு எல்லாரும்."

மூடினார்கள். சித்தர் தான் கட்டிய கயிற்றைத் தானே அவிழ்த்துப் பானெட்டைத் திறந்தார். மந்திரம். மணி. 'டக்'. விளக்கு எரிந்தது. மறுபடி மந்திரம், கொஞ்சம் வேகமாக. 'டக்'. சிவப்போடு மஞ்சளாக ஒன்று சேர்ந்துகொண்டது. சித்தருக்கு வியர்த்தது. மூன்றாவது 'டக்'. ஆமை வந்தது. நாலாவதில் காட்டேரி நாக்கைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. டேஷ்போர்டு மாசி மகத்துக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி ஜொலித்தது. கண்ணைத் திறந்த கூட்டம் "அரோகரா" என்றது. பின்னால் நின்ற ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இந்தத் தரிசனம் தன் வண்டியிலும் கிடைக்குமா என்று விசாரித்தார்.

சித்தர் மூச்சு வாங்கினார். "பங்காளிங்க வந்துட்டானுங்க. வீட்டுல கர்ப்பிணி உண்டா?"

"எம் பொண்ணு. நாளைக்குக் கூட்டியாரணும் சாமி."

"அதான். அவ வயித்துல இருக்கறதுதான் தோஷம். அதைப் புடிச்சிகினுதான் முனி வந்திருக்கு. அந்தக் குழந்த…"

"சாமி" என்றார் கோதண்டராமன். அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "கொழந்த மேல போவாதீங்க."

இசக்கிசெல்வி காரிலிருந்தபடியே கூப்பிட்டாள்.

"சாமி, நான் ஒரு மந்திரம் போடட்டுமா? எல்லாரும் கண்ணத் திறந்து வச்சுக்கிடுங்க."

ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். சிவப்பு அணைந்தது. ஏற்றினாள். எரிந்தது. இறக்கினாள். அணைந்தது. ஏழெட்டுத் தடவை செய்தாள். முனி குழந்தை மாதிரி சொன்னபடி கேட்டது.

"ஹேண்ட்பிரேக் ஒரு பல்லு ஏறியிருக்கு, அம்புட்டுதான். கண்ணத் திறந்து வச்சுக்கிட்டே இது தெரியாதவருக்கு, மூடினா மட்டும் முனி தெரியுதாக்கும்."

இறங்கி வந்தாள். பானெட்டுக்குள் கை காட்டினாள். பிரேக் ஆயில் டப்பாவின் பக்கத்தில் ஒரு ஒயர் அனாதையாகத் தொங்கியது.

"போன வாரம் சாமி பிடுங்குனது இது. ஆயில் கொறஞ்சா விளக்குக்குச் சொல்லுத ஒயர். அண்ணாச்சி, நீங்களே மாட்டுங்க. ஹேண்ட்பிரேக் இப்ப கீழதான் இருக்கு."

கோதண்டராமன் மாட்டினார். பத்தொன்பது வருஷம் பழகிய விரல். டக். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே, டப்பாவின் அடியில் கிடந்தது. குனிந்து முன்சக்கரத்தின் உட்பக்கத்தைத் தடவினார். கை பிசுபிசுத்தது. ஆயில் சொட்டுச் சொட்டாக அந்த வழியே போயிருந்தது. மிதிக்கு வந்த பணிவு இதுதான்.

நாளைக்கு இறங்க வேண்டிய பதினாலு வளைவு. பின்சீட்டில் பூஜா. வயிற்றில் கை வைத்துக்கொண்டு.

அவர் எழுந்தார். சித்தரை அடிக்கப் போகிறார் என்று கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் அடிக்கவில்லை. கொட்டகை வாசலில் பூஜை மணி தொங்கியது. அதிலிருந்து ஒரு கயிறு. தலைக்கு மேலே கயிறு தொங்கினால், விளக்கு தப்பாக எரிந்தால், என்ன செய்வது என்று அவர் உடம்புக்குத் தெரியும். இழுத்தார்.

மணி அடித்தது.

வரிசையில் இருந்த அத்தனை கார்களும் எஞ்சினை நிறுத்தின. யாரும் சொல்லவில்லை. கயிறு இழுத்து மணி கேட்டால் லைன் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பின்னாலிருந்து பழக்கதோஷத்தில் ஒரு குரல் கேட்டது.

"எந்த ஸ்டேஷன்? இன்னா டிஃபெக்ட்?"

"இந்த ஸ்டேஷன்" என்றார் கோதண்டராமன், சித்தரைக் காட்டி.

அப்புறம் நடந்தது பார்க்க அழகு. நாற்பது பானெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. முந்தைய வாரங்களில் கட்டிய கறுப்புக் கயிறுகள் அறுந்தன. எலுமிச்சம்பழங்கள் ரோட்டில் உருண்டன. "இங்க ஒண்ணு புடுங்கிகீது." "இங்கியும்." சித்தரின் விபூதிப் பையை யாரோ கவிழ்த்தபோது, காரில் செருகினால் ஆமை விளக்கை அழிக்கிற கையடக்கக் கருவி ஒன்று விழுந்தது. அதன் மேல் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. ஒருவர் ஸ்பார்க் பிளக் மாலையை விலக்கி முகத்தை உற்றுப் பார்த்து, "அப்பாவு, நீயா? படப்பை ஒர்க்‌ஷாப்ல வண்டி கழுவிகினு இருந்தியே" என்றார்.

ஸ்ரீலஸ்ரீ அப்பாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நின்ற பைக்கை உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பியது. கிளம்பாமல் என்ன செய்யும்? சைலென்சர் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் சீட்டு ஒட்டியிருந்தது. ஆயில் மாற்றிய தேதி, போன திங்கட்கிழமை. பிரேக் சரிபார்க்கப்பட்டது. அடுத்த சர்வீஸ் தேதிகூட எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூஜா வாடகைக் காரில் மலை இறங்கினாள். பதினாலு வளைவுக்கும் டிரைவர் பிரேக்கை மிதிப்பதைக் கோதண்டராமன் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அங்கே ஒரு குழாயை மாற்றினார்கள், ஆயில் ஊற்றினார்கள். மந்திரம் சொன்னார்களா என்று அவர் கேட்கவில்லை.

விளக்கு எரிவது வண்டி உங்களிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு. சொல்கிற வாயைப் பொத்தக் கூலி கொடுத்துவிட்டு நோய் தீர்ந்தது என்று ஆடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கழுத்துக்கு மேலே மாட்டி அனுப்பியிருக்கும் அந்தச் சாமானுக்கு உதிரிபாகம் ஒரகடத்தில்கூடக் கிடைக்காது. ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருந்தால் அதுவும் இறுகிவிடும்.