எல்லோரும் நேசித்த நடுவர்

ரவூப் மாமாவுக்கு,

நாகூர் கனி நானாவை நீங்கள் நல்லவராக்கிக் கெடுத்துவிட்டீர்கள்.

சலாம். மாமியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை உங்கள் இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க துஆ செய்கிறேன். உட்லண்ட்ஸில் எல்லோரும் நலம். உங்களைத் திட்டி எழுதமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் உம்மா என்னைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சங்கத்தின் பொன்விழா மலருக்கு நம் சமூகச் சாதனையாளர்களின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். “உனக்குத்தான் வேலை கிடைக்கலையே, இல்ஹாம்” என்று நாலு பேர் முன்னால் கூப்பிட்ட அழகையும் மறக்கவில்லை. நேற்று அச்சுப்படி வந்தது, படித்தேன். மலரில் இருக்கிற அத்தனை பேரும் விடிவதற்கு முன் எழுந்திருக்கிறார்கள், அத்தனை பேரும் எளிமையானவர்கள், ஒருவருக்கும் ஒருநாளும் கோபம் வந்ததில்லை, கடைப்பையனை அதட்டியதில்லை, தம்பியோடு சொத்துக்குச் சண்டை போட்டதில்லை. நம்மிடம் வேலை பார்த்தவர்கள் யாரும் சாதனையாளர் இல்லை போலிருக்கிறது, அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஜவுளிக்கடைக்காரர் படத்தையும் டாக்டர் படத்தையும் இடம் மாற்றி ஒட்டினால் அவர்கள் வீட்டாருக்கே தெரியாது. இதற்குப் பெயர் வாழ்க்கை வரலாறா மாமா? கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

மற்றவர்களை விடுங்கள். கனி நானாவுக்கு வருகிறேன். எண்பதை நெருங்குகிற மனிதர், இன்னும் எல்லோருக்கும் அண்ணன்தான், நானாதான். எழுபதுகளில் ஃபேரர் பார்க்கில் கால்பந்து நடுவராக இருந்தவர். அவர் படத்துக்குக் கீழே ‘அனைவராலும் நேசிக்கப்பட்ட நடுவர்’ என்று போட்டிருக்கிறீர்கள். எல்லோரும் நேசித்த நடுவர் என்று ஒருவர் உலகத்தில் இருந்தால், அவர் விசிலை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவராகத்தான் இருக்க வேண்டும். ‘ரசிகர்கள் செருப்பை எறிந்தார்கள்’ என்று எழுதியிருந்தேன். நீங்கள் அதை ‘ரசிகர்கள் ஆரவாரத்துடன் வரவேற்றார்கள்’ என்று மாற்றியிருக்கிறீர்கள். ‘உதைக்குப் பயந்து காய்கறி லாரியில் ஏறித் தப்பினார்’ என்று எழுதினேன். அது ‘சிறப்பு வாகனத்தில் அழைத்துச் செல்லப்பட்டார்’ என்று ஆகியிருக்கிறது. லாரி என்னவோ சிறப்புதான். அதில் முட்டைக்கோஸ் இருந்ததாம்.

அச்சுப்படியை எடுத்துக்கொண்டு நேற்றே பூன் லேயில் அவர் வீட்டுக்குப் போனேன். கனி நானாவின் சட்டைப்பையில் இன்னும் மஞ்சள் அட்டை இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் வரிசையில் புகுந்தவருக்குக் காட்டுவார், எம்ஆர்டி ரயிலில் முதியோர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தூங்குவதுபோல் நடிக்கும் வாலிபனுக்குக் காட்டுவார், சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன டாக்டருக்கும் ஒருமுறை காட்டியிருக்கிறார். செருப்பு ஆரவாரமாக மாறியதைப் படித்தபோது எனக்குக் காட்டினார். அடுத்த பக்கத்துக்குப் போனதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தில்தான் இறுதி ஆட்டம் இருந்திருக்க வேண்டும். நீங்கள் அதை முழுதாக எடுத்துவிட்டு, ‘விளையாட்டு வீரர்களுக்கு நல்ல அறிவுரைகள் வழங்கினார்’ என்று ஒரு வரியைப் போட்டிருக்கிறீர்கள்.

அந்த ஆட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கனி நானாவுக்கும் ருக்கையா லாத்தாவுக்கும் நிக்காஹ். நம் சங்கத்து அணியில் நாலாம் நம்பர், மணப்பெண்ணின் அண்ணன் ஜாஃபர். இன்றைக்கு நம் எல்லோருக்கும் ஜாஃபர் ஹாஜியார். பந்து எங்கோ போய்க்கொண்டிருக்க, அவர் எதிரணிப் பையனின் முழங்காலில் உதைத்தார். கொடி பிடித்து நின்ற இரண்டு பேரும் பார்க்கவில்லை. கூட்டம் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்துவிட்டது. கனி நானா மட்டும் பார்த்தார். சிவப்பு அட்டையை எடுத்து, மச்சானாகப் போகிறவரின் முகத்துக்கு நேரே நீட்டினார். நாம் தோற்றோம். அன்று மாலையே பெண்ணின் வாப்பா ஆட்களோடு வந்து, மன்னிப்புக் கேட்டால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்றார். கனி நானா சொன்ன பதிலை நான் அப்படியே எழுதியிருந்தேன்:

“மாமா, வீட்டுலதான் அவன் எனக்கு மச்சான். கிரவுண்டுல நம்பர் நாலு.”

அப்படியும் நிக்காஹ் நடந்தது. ஜாஃபர் வரவில்லை. இன்றுவரை இரண்டு பேரும் ஒரே பள்ளிவாசலில் வெவ்வேறு மூலையில் தொழுகிறார்கள்.

இதை நீங்கள் ஏன் எடுத்தீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மலரின் பின்னட்டையில் ஜாஃபர் ஹாஜியாரின் கடை விளம்பரம் இருக்கிறது. நானும் சும்மா இருக்கவில்லை. இன்று காலை லிட்டில் இந்தியாவில் அவர் கடைக்கே போய், இதைப் போட அனுமதி தாருங்கள் என்று கேட்டேன். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே கேட்டதால் அழுதுகொண்டு கேட்பதாக நினைத்து எனக்கு நாற்காலி போட்டார், குடிக்க பண்டுங் வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் கடையில் தராசுகூட நின்றுவிட்டது.

“அது ஃபவுலே இல்ல லா. நான் பந்துக்குத்தான் போனேன். அவன் கால் அங்க வந்துச்சு, நான் என்ன செய்ய?” என்றார். பிறகு, அதைப் போட்டால் பின்னட்டைக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லி உங்களிடம் முன்பே சொல்லிவிட்டதாகவும், பண்டுங்கை மிச்சம் வைக்காமல் குடிக்கும்படியும் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

கனி நானா சொன்னது இன்னும் சுருக்கம். சிவப்பு அட்டை மலரில் இல்லையென்றால் அவரும் இல்லை. படத்தையும் எடுத்துவிட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எதற்கு எழுதுகிறோம் மாமா? அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? எங்கள் வயதுக்காரர்கள் கூட்டங்களில் உட்கார்ந்து, தப்பு என்று தெரிந்தும் மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். நம் ஆட்களே சுற்றி நின்று முறைக்கும்போது, நம் ஆளையே பார்த்து வெளியே போ என்று சொன்ன ஒருவர் பூன் லேயில் இருக்கிறார், லிஃப்டில் ஏறுகிறார், மார்க்கெட்டில் மீன் பேரம் பேசுகிறார் என்று தெரிந்தால் ஒருநாள் நாங்களும் வாயைத் திறக்கலாம். அவருக்குக் கோபம் வரும், பிடிவாதம் உண்டு, லாரியில் ஓடியவர். அதனால்தான் அவர் செய்தது எங்களாலும் முடியும் என்று தோன்றுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் அந்த எளிமையான மனிதரைப் பார்த்து நான் என்ன கற்றுக்கொள்வது? அலாரம் வைக்கவா?

ஆகவே அந்தப் பக்கத்தை நான் எழுதியபடியே போடுங்கள். பின்னட்டை வெறுமையாக இருந்தால் இருக்கட்டும்.

மாமிக்கு என் சலாம். அவர் அனுப்பிய சம்பாலை நான் ஒருத்தியே தீர்த்தேன் என்று சொல்லுங்கள். உங்களுக்கு நல்ல உடல்நலத்தையும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் துணிச்சலையும் அல்லாஹ் தரட்டும்.

உங்கள் மருமகள்,
இல்ஹாம்

பி.கு.: மாமா, மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். நீங்கள் எழுதியதையும் போட வேண்டாம். வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அனுப்புமுன் கனி நானாவுக்குப் படித்துக் காட்டலாம் என்று மறுபடி பூன் லே வந்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ‘கனி நானா மட்டும் பார்த்தார்’ என்ற இடம் வந்தபோது ருக்கையா லாத்தா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இவர் எங்க பார்த்தார்? இவர் பந்து பின்னாடி ஓடிக்கிட்டு இருந்தார்ல” என்றார்.

நடந்தது இதுதானாம். சத்தம் கேட்டு இவர் திரும்பியபோது ஒரு சீனப் பையன் மண்ணில் கிடந்து அழுதுகொண்டிருந்தான். சுற்றிலும் நம் ஆட்கள், எல்லோரும் கையை விரித்தார்கள். இவர் ஒன்றும் தெரியாமல் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். வெயிலுக்குக் குடை பிடித்து உட்கார்ந்திருந்த லாத்தா எழுந்து, குடையை மடக்கித் தன் கூடப்பிறந்த அண்ணனை நோக்கி நீட்டினார். அதற்குப் பிறகுதான் சிவப்பு அட்டை வந்தது. பார்வையாளர் சொல்லி அட்டை காட்டுவது விதிப்படி தப்பு என்பது எனக்கே தெரியும்.

இவரைக் கட்டிக்கொண்டதால்தான் அண்ணன் லாத்தாவோடு பேசவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது. கனி நானாவும் அதைத் திருத்தவில்லை. லாத்தா தன் உம்மா இறந்து ஜனாஸாவுக்குப் போனபோதும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மூன்று மாதமாக நான் இந்த வீட்டுக்கு வருகிறேன். லாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

“கழுகுக் கண்ணு, கழுகுக் கண்ணுன்னு எல்லாரும் உங்களைச் சொன்னப்பல்லாம் பேசாமத்தான் இருந்தேன்” என்று லாத்தா அவரிடம் சொன்னார். “புக்குல வரப்போகுதுன்னா சரியா வரட்டும். அன்னைக்கு ஆளைக் காட்டினது யாருன்னு இந்தப் புள்ளைகிட்ட உங்க வாயால சொல்லுங்க.”

கனி நானா சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். லாத்தா நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்திருக்கிறார். என் தேநீர் ஆறிவிட்டது.

“சொல்லுங்க” என்கிறார்.