நசுங்கின எலுமிச்சம்பழமும் கால் எட்டாத சைக்கிளும்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. வில்லியனூருக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கணும்.

மூலக்குளத்துல ஒரு துணிக்கடையில வேலைக்குச் சேந்து ஒரு மாசம் ஆவுது. எங்க ஊரு பஸ்ஸு அதுக்குத் தோணுற நேரத்துக்குத் தான் வரும். ரெண்டு தடவ லேட்டாப் போயிட்டேன். இன்னொரு தடவ லேட்டானா வூட்டுலயே இருந்துக்கோன்னு ஓனரம்மா சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டாங்க. அவங்க சிரிச்சா தான் பயம். வெள்ளிலேருந்து மூணு நாளு கடைக்கு லீவு, அதனால திங்கக்கிழமைக்குள்ள சைக்கிள் வந்தாவணும்.

எங்க வூட்டுக்காரரு, மூணு வயசுப் பாப்பா, நானு, மூணு பேரும் கெளம்பினோம். பத்து வருஷமா சைக்கிளத் தொடாத மனுஷன், வழியெல்லாம் சைக்கிளப் பத்தி எனக்குப் பாடம் எடுத்தாரு. கடைக்குள்ள நொழையறதுக்கு முன்னாடியே பூமாலை, கற்பூரம், ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டாரு. வண்டி எதுன்னு தெரியாது, பூச மட்டும் ரெடி.

என் ஒயரம் நாலடி ஒம்போது இஞ்ச். குரூப் போட்டோவுல எப்பவும் என்ன முன்னாடி நிக்க வைப்பாங்க. பாசம்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

கடையில குட்டையா ஒரு நீலக் கலர் சைக்கிள் நின்னுச்சு. கை தானா அதுமேல போச்சு.

கடைக்காரரு திரும்பிப் பாத்து, "அது ஆறாங்கிளாஸ் புள்ளைங்களுக்கும்மா"ன்னாரு.

அவ்ளோ தான். கொழந்த பெத்து, வேலைக்குப் போயி, ரேஷன் கார்டுல பேரு இருக்கிற பொம்பள நானு. ஆறாங்கிளாஸா? பெரியவங்க ஓட்டுறதக் காட்டுங்கன்னேன்.

சிவப்புல ஒண்ணு வந்துச்சு. சீட்டு என் இடுப்பத் தாண்டி நின்னுச்சு. இதுக்கு மேல சீட்ட எறக்க முடியாதுன்னு அவரே சொன்னாரு. எங்க வூட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். பெருசா இருந்தா தானும் ஓட்டலாமாம், அவரு தம்பியும் ஓட்டலாமாம். குடும்பமே சேந்து மூலக்குளத்துல துணி மடிக்கப் போவுது பாருங்க.

ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருன்னு சொன்னாங்க. கடைத்தெருவுல இத்தன பேரு பாக்கவா? எனக்கு வெக்கம். ஸ்டாண்டு போட்டபடியே ஏறி உக்காந்து பெடல மிதிச்சேன். பின்சக்கரம் சும்மா சுத்துச்சு. பிரமாதமா இருந்துச்சு. இதயே குடுங்கன்னுட்டேன்.

ஒரு எடத்துக்கும் போவாத வரைக்கும் அது ரொம்ப நல்ல சைக்கிள்.

மாலை போட்டாச்சு, சந்தனம் குங்குமம் வெச்சாச்சு, ரெண்டு சக்கரத்துக்கும் கீழ எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. கடைப் படியில கால வெச்சு ஏறினேன். பழம் நசுங்குச்சு. வண்டி கெளம்புச்சு. பாப்பா கை தட்டுச்சு.

தெரு முனையில நிறுத்தலாம்னு கால நீட்டினேன். ரோடு வரல. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அப்பவும் வரல.

பள்ளிக்கூடத்துல நான் கத்துக்கிட்டது ஒரே வித்த. ரெண்டு காலையும் ஊனினா வண்டி நிக்கும். ஊன முடியலன்னா இன்னா பண்றதுன்னு யாரும் சொல்லித் தரல. பிரேக்கப் புடிச்சா கால் எட்டாம சாஞ்சி வுழுந்துடுவேன். அதனால மிதிச்சிக்கிட்டே இருந்தேன்.

கோயில சுத்தி நாலு வீதி. ஒரு சுத்து முடிச்சு கடை வாசலுக்கு வந்தப்போ எங்க வூட்டுக்காரரு, "போதும், எறங்கு செல்வி"ன்னாரு.

"எறங்க முடிஞ்சா எறங்க மாட்டனா"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டாவது சுத்து ஆரம்பிச்சிடுச்சு. பாப்பா டாட்டா காட்டுச்சு.

கோயில் வாசல்ல பூ கட்டிக்கிட்டு இருந்த அக்கா என்னையும் வண்டியில இருந்த மாலையையும் பாத்துட்டு, "இன்னாம்மா, வேண்டுதலா? எத்தன சுத்து?"ன்னு கேட்டாங்க.

"தெரிலக்கா"ன்னேன். சத்தியமா தெரில.

மூணாவது சுத்துல எங்க வூட்டுக்காரரு பாப்பாவ எறக்கி கடைக்காரருகிட்ட வுட்டுட்டு, நடுரோட்டுல நின்னு ஹேண்டில்பாரப் புடிச்சாரு. வண்டி நின்னுச்சு. நான் நிக்கல. அவரு மேல போய் எறங்கினேன்.

உடனே கடைக்குப் போயி, அந்த நீலத்தயே மாத்திக் குடுங்கன்னேன். வெக்கமெல்லாம் மூணு சுத்துலயே ஓடிப்போச்சு.

கடைக்காரரு குனிஞ்சு டயர்ல ஒட்டியிருந்த எலுமிச்சந்தோலக் காட்டினாரு. "பூச போட்டு பழத்து மேல ஏத்தியாச்சேம்மா. இத இன்னொருத்தருக்கு எப்புடி புது வண்டின்னு விக்கறது? நீயே சொல்லு, நீ வாங்குவியா?"

வாங்க மாட்டேன். அதான் கடுப்பு.

சனிக்கிழமை பூரா சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் மொறச்சிக்கிட்டு கெடந்தோம். ஞாயித்துக்கெழம எதுத்த வூட்டுல இருக்குற நாத்தனாரு மவ வந்தா. ஒம்பதாவது படிக்கிறா, என்னவிட ஒரு சாண் ஒயரம். தன் சைக்கிள்ல முட்டி இடிக்குதுன்னு ஒரு வருஷமா அழுதுக்கிட்டு இருந்தவ. சிவப்பு வண்டியில ஒரே தாவுல ஏறினா, ஓட்டினா, எறங்கினா. "அத்த, மாத்திக்கலாமா?"ன்னா.

மாத்திக்கிட்டோம். அவளுது அதே கடையில, ஆறாங்கிளாஸ்ல வாங்கினது. அதே நீலம். மட்கார்டுல பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ரெண்டு காலும் பாதம் முழுசா தரையில பதியுது.

திங்கக்கிழமை பத்து நிமிஷம் முன்னாடியே கடையில நின்னேன். ஓனரம்மா வாசல்ல நின்ன வண்டியப் பாத்துட்டு, எந்தக் கொழந்தயோட சைக்கிளு இதுன்னு கேட்டாங்க. என்னுதுன்னேன். சிரிச்சாங்க. இந்தத் தடவ பயமில்ல.

சைக்கிள் வாங்கப் போறவங்க எலுமிச்சம்பழத்த மட்டும் கடைசியா வாங்குங்க.