‘இந்தாம்மா’வுக்கு ஒரு பெயர் இருக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் ஆச்சரியத்தில் வாயடைத்துப் போயிருக்கிறேன். “உனக்கு வாயடைப்பது புதிதா?” என்று நீ சிரிப்பாய். சிரி.

என் திக்குவாய்தான் உனக்குத் தெரியுமே. ‘ப’ வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். உடனே வேறு சொல்லுக்குத் தாவிவிடுவேன். கடையில் பால் கேட்க முடியாமல் “வெள்ளையா இருக்குமே, அது” என்று சொல்லி, கொடுத்த சலவைத்தூளை மறுபேச்சில்லாமல் வாங்கி வந்தவன் நான். ஆனால் கட்டியவளின் பெயரே ‘ப’வில் தொடங்கினால் எங்கே தாவுவது? ‘இந்தாம்மா’ என்றே காலத்தை ஓட்டிவிட்டேன். போன மாதம் அவள் எதிர்வீட்டுக்காரியிடம், “என் பேரு அவருக்குத் தெரியுமான்னே சந்தேகமா இருக்கு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சு வலித்தது.

மறுநாளே பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மாவிடம் ஓடினேன். மாத்திரை தருவார், நாக்கை இழுத்துப் பார்ப்பார் என்று போனால், அவர் சொன்னதைக் கேள்: “சொல்லை மாத்தாதீங்க. திக்கினா திக்கட்டும். கடைக்குப் போய் வேணும்னே திக்கிப் பேசிட்டு வாங்க. திக்கு அடியோட போயிடும்னு சொல்லமாட்டேன், அதுமேல இருக்கிற பயம் போகும்.” ஆயுசு முழுக்க ஒளித்து வைத்ததைக் கடைவீதியில் கடை பரப்பச் சொல்கிறார்! போனேன். திக்கலாம் என்று வாயைத் திறந்தால், பாழாய்ப்போன திக்கு, வேண்டுமென்று கூப்பிட்டபோது வரமாட்டேன் என்கிறது! “பால் ஒரு பாக்கெட்” என்று வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கடைக்காரர் அசிரத்தையாக எடுத்துக் கொடுத்தார். நான்தான் அந்தப் பாலைப் பார்த்தபடியே தெருவில் நின்றேன்.

நேற்று சாயங்காலம் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ‘ப’ நாலைந்து தடவை வந்தது. நான் தாவவில்லை. மீதிப் பெயரும் வந்தது! அவள் கரண்டியும் கையுமாக ஓடி வந்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

“யாருக்கும் ஒண்ணுமில்ல. உன்னைத்தான் கூப்பிட்டேன்.”

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள், அக்கா. கண் நிறைந்துவிட்டது. ஒரு பெயருக்குள் இவ்வளவு இருக்கிறதா! இனி எந்தச் சொல்லும் என்னை நிறுத்த முடியாது.

அத்தானுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

உன் பிரியமுள்ள தம்பி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. இன்று காலை இதை எழுதி முடித்த கையோடு அவள் பெயரை ஒரு தடங்கலும் இல்லாமல் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால், “நீங்களா? வேற யாரோன்னு நினைச்சேன். நேத்து மாதிரி கூப்பிடுங்க” என்கிறாள். காலையிலிருந்து முயல்கிறேன், திக்கு வருவேனா என்கிறது. மறுபடியும் டாக்டரம்மாவிடம் போகிறேன்.