கழித்துப் போட்ட பூசணிப் பூக்கள்

என் அன்பு மனைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். நீயும், மகளும், மாப்பிள்ளையும், பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். செடிகளின் சௌக்கியத்தைக் கீழே விவரித்திருக்கிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய்.

குளிர் விட்டு வெயில் தலைகாட்டிய சமயத்தில் மாடியில் விதையெல்லாம் ஊன்றிவிட்டு, "தண்ணி மட்டும் ஊத்துங்க, வேற எதுலயும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நீ மகள் வீட்டுக்குப் போனாய். நானும் கை வைக்காமல்தான் இருந்தேன், முதல் இலை விடும் வரை. போல்ட் கம்பெனியில் ஆயுள் முழுக்கத் தரம் பார்த்தவன், முள்ளங்கி வளர்கிறதா இல்லையா என்று தெரியாமல் எப்படித் தூங்குவேன்? தினமும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பருமன் பார்த்து மறுபடி அதே குழியில் நட்டுவைத்தேன். இப்போது பிடுங்க ஒன்றும் இல்லை. தொட்டிகளில் ஒழுங்கில்லாமல் முளைத்ததையெல்லாம் களை என்று எடுத்துவிட்டு, வரிசையாக நின்றதைக் கண்ணும் கருத்துமாக வளர்த்துக் கீரைக்காரரிடம் காட்டினேன். "இதுதாங்க களை" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விட்டார். தக்காளிக்கு வெயில் பட்டுவிடுமே என்று குடை பிடித்தேன், வெளிறிப் போய்விட்டது. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கும் பீன்ஸ் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. அங்கே ஒரு செடி இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆனால் என் பெரிய கவலை பூசணிதான். பேத்தி வாயில் வைக்கப் போகும் முதல் காய் நம் மாடிப் பூசணிதான் என்று நீ ஊரெல்லாம் சொல்லிவிட்டாய். கொடியும் பக்கத்து மாடிக்கும் நமக்கும் நடுவிலுள்ள கம்பித் தடுப்பு முழுக்கப் படர்ந்து ஏகமாகப் பூத்தது. சில பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தது, பல பூவுக்கு வெறும் காம்புதான். பிஞ்சில்லாத பூ எதற்குச் சத்தை உறிஞ்ச வேண்டும் என்று அத்தனையையும் ரிஜெக்ட் செய்து கிள்ளி எறிந்தேன். இருந்த பிஞ்சுகளும் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. தலையில் கைவைத்து நின்றபோது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டுத் தையல்காரம்மா (ஆமாம், துணி உலர்த்தும் கயிற்றுத் தகராறில் நீ பேச்சை நிறுத்தினாயே, அதே அம்மாதான்) சொன்னார்: "சார், நீங்க கிள்ளிப் போட்டதெல்லாம் ஆண் பூ. மாப்பிள்ளைங்களை எல்லாம் விரட்டிட்டு, கல்யாணம் நடக்கலையேன்னு நின்னா எப்படி?"

இன்று காலை பிஞ்சோடு இருந்த கடைசிப் பெண் பூ விரிந்தது. கைக்கெட்டிய தூரத்தில் ஓர் ஆண் பூ இல்லை. வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளுமாம். நீ திட்டுவாய் என்று தெரிந்தும் அந்தம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் தன் பக்கத்தில் பூத்த ஒன்றைப் பறித்துக் கொடுத்து, "மெதுவா தொட்டு வைங்க சார், பாலிஷ் போடாதீங்க" என்றார். அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் தொட்டு வைத்திருக்கிறேன். பிடிக்குமா, உதிருமா, தெரியவில்லை. ஆகவே நீ சொன்ன தேதியில் வர வேண்டாம். இன்னும் ஒரு மாதம் அங்கேயே இரு. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்திக்கு முத்தங்கள். உனக்குக் கும்பிடு.

இப்படிக்கு,
நீ நம்பி விட்டுப்போன கணவன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. பிஞ்சு பிடித்துவிட்டது! எலுமிச்சம்பழம் அளவு ஆகிவிட்டது. சந்தோஷத்தில் வேருக்கு உரம் வைக்கலாமென்று கொடியைப் பிடித்துக்கொண்டே போனேன். அது தடுப்பைத் தாண்டி அந்தம்மாவின் தொட்டியில் போய் நின்றது. நம் பூசணி நான் களை எடுத்த அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. இத்தனை நாளும் இலைக்கு அடியில் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். வெட்கத்தோடு அந்தம்மாவிடம் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் சார். காய் உங்க பக்கம்தானே தொங்குது, பாப்பாவுக்கே வச்சுக்கங்க. ஆனா உங்க வீட்டம்மா வந்து அவங்க வாயால கேக்கணும். சண்டை போடக்கூட ஆளில்லாம மாடியே வெறிச்சுன்னு கெடக்கு" என்றார்.

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு மாதம் என்று எழுதியதை அடித்துவிடு. அடுத்த வண்டியைப் பிடித்து வந்துவிடு.